மூட்டைக்குத் தீட்டு இல்லை

பெரக்கரை நாடு, கொல்லிமலை
28.7.2025

நஸ்லின்,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இந்தத் தாளை எடுத்திருக்கிறேன்.

உன் நம்பரை பிளாக் செய்தது உனக்கே தெரிந்திருக்கும். போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் எனக்குக் கோபம் இறங்கிவிடும். இந்தத் தடவை இறங்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சோளக்காட்டுச் சந்தைக்குப் பின்னால், நீயும் நானும் மூன்று வருசம் எடை தூக்கிய அதே தகர செட். செப்டம்பர் ஏழாம் தேதி மாவட்டத் தேர்வுக்குப் போகிறவர்கள் பெயரை ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இல்லை. ஐம்பத்தைந்து கிலோ பிரிவில் என்னைவிட எட்டுக் கிலோ குறைவாகத் தூக்குகிற பெண்ணின் பெயர் இருந்தது. அர்த்தனாரி சாரிடம் கேட்டேன்.

“அந்த ஞாயித்துக்கெழமை உனக்குச் சரியா வராது கண்ணு” என்றார்.

“ஏனுங்க சார்?”

போனை எடுத்துக் காட்டினார். உன் காலேஜ் ப்ராஜெக்ட். ‘மாதவிடாய்ச் சுழற்சியும் பெண்களின் தசை வலிமையும்.’ அதில் ஒரு வரி: ‘கோ., வயது 20, எடை 55, பெரக்கரை நாடு.’ அதற்கு நேராக என் நோட்டுக் கணக்கு முழுக்க. எந்தெந்த நாள் எத்தனை கிலோ. ஒன்றாம் நாள் 66, இரண்டாம் நாள் 66, மூன்றாம் நாள் 67, மற்ற நாளெல்லாம் 72. அவர் காலண்டரில் விரலை வைத்து எண்ணிக் காட்டினார். செப்டம்பர் ஏழு எனக்கு இரண்டாம் நாளாம். “உன் சிநேகிதி படிச்சுட்டுதானே எழுதியிருக்கா? நானா சொல்றேன்?” என்றார்.

பெயருக்கு ஒரு எழுத்து வைத்தால் மறைத்ததாகிவிடுமா? பெரக்கரை நாட்டிலிருந்து எடை தூக்க வருகிற ‘கோ’ எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்.

சார் போனிலிருந்து அது பையன்கள் போனுக்கும் போய்விட்டது. கார்த்தி செட்டுக்கு நடுவில் நின்று கேட்கிறான். “இன்னிக்கு எத்தனாம் நாளு கோகிலா? பதினாறா? அப்ப நூறு கிலோ தூக்கிருவே!” எல்லோரும் சிரித்தார்கள். நான் ஐந்து கிலோ தட்டை எடுத்து அவன் காலடியில் போட்டேன். நல்லவேளை, கால் அங்கே இல்லை.

ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் நான் தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது. சாமி விளக்கைத் தொடக் கூடாது. மிளகுக் கொடிப் பக்கம் போனால் கொடி கருகிவிடும். ஆனால் குச்சிக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறலாம். மூட்டைக்குத் தீட்டு இல்லை. ஐம்பது கிலோ. பதின்மூன்று வயதிலிருந்து தூக்குகிறேன். அப்போதெல்லாம் யாரும் வந்து “உனக்குச் சரியா வராது கண்ணு” என்று சொல்லவில்லை.

ஜூனியரில் எனக்கு இது கடைசி வருசம். இந்தத் தேர்வு போனால் மாநிலப் போட்டி போயிற்று, விளையாட்டு விடுதி இடம் போயிற்று. அப்புறம் எனக்கு மூட்டைதான்.

என் நோட்டைத் தபாலில் அனுப்பு. உனக்குப் படிக்கத்தான் கொடுத்தேன். ஊர் படிக்க இல்லை.

கோகிலா

*

கோயம்புத்தூர்
2.8.2025

கோகிலாவுக்கு,

நீ அடித்துவிட்ட வார்த்தையை நான் எழுதுகிறேன். அன்புள்ள கோகிலாவுக்கு.

உன் கடிதத்தை விடுதிக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். நீ சொன்ன மாதிரி அழுதேன். இப்போது அழவில்லை, ஆகவே கேள்.

பெயரை மறைத்த லட்சணம் என் தப்பு. ஊர்ப் பெயரை எடுத்திருக்க வேண்டும். அர்த்தனாரி சாருக்கு அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பு. செட்டில் வந்து அளக்க அனுமதி கொடுத்தாரே என்று மரியாதைக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வரி எழுதினேன்: ‘இந்த மூன்று நாளும் கோகிலாவுக்குப் பயிற்சியைக் குறைத்துக் கொடுங்கள் சார்.’ உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். அவர் பயிற்சியைக் குறைக்காமல் பெயரையே குறைத்துவிட்டார். கார்த்தியைப் பற்றி எழுத எனக்குத் தெரிந்த வார்த்தைகளைத் தபாலில் போட முடியாது.

ஆனால் கோகி, நான் பொய் எழுதவில்லை. அது உன் கையெழுத்து. பதினோரு மாதக் கணக்கு. ஒவ்வொரு மாதமும் 1, 2, 3 என்று போட்ட நாட்களில் ஐந்தாறு கிலோ குறைகிறது. ஒரு மாதம்கூடத் தப்பவில்லை.

உண்மையில் அதுதான் எனக்கே ஆச்சரியம். நான் அளந்தது இருபத்திரண்டு பெண்களை. கைப்பிடி பலம் பார்க்கும் கருவியில், வாரத்துக்கு மூன்று தடவை. உனக்கு மட்டும் உன் நோட்டுக் கணக்கு. மற்ற இருபத்தொரு பேருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருத்திக்கு அந்த நாட்களில் கொஞ்சம் குறைகிறது, இன்னொருத்திக்குக் கூடுகிறது, பாதிப் பேருக்கு அசையவே இல்லை. இதற்கு முன்னால் செய்த ஆய்வுகளும் அப்படித்தான். மாதத்தில் ஹார்மோன் ஏறி இறங்குவது நிஜம். அது தசையில் எவ்வளவு தெரிகிறது என்பதில்தான் சண்டை. சிலர் ரத்தம் நின்ற பிறகு வருகிற வாரத்தில் கொஞ்சம் பலம் கூடும் என்கிறார்கள். சிலர் வித்தியாசமே இல்லை என்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் என்பதில் மட்டும் யாருக்கும் சண்டையில்லை. உன் வரி மட்டும்தான் பள்ளத்தில் விழுந்த மாதிரி விழுகிறது. காலேஜில் எங்கள் மேடம் அதைப் பார்த்துவிட்டு, “இதுதாம்மா பளிச்சுன்னு இருக்கு, இதை முதல்ல வை” என்றார். வைத்தேன்.

எங்கள் வீட்டில் எப்படி என்று உனக்குத் தெரியும். அந்த நாட்களில் தொழுகைக்கு லீவு, நோன்புக்கு லீவு, அடுப்படிக்கு மட்டும் லீவு கிடையாது. அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன், “அதுக்கும் சேத்து லீவு குடுக்கக் கூடாதா?” கேட்டதும் அம்மா ஹாஜிரா பீவி கரண்டியை எடுத்துவிட்டாள்.

கோபப்படாமல் ஒன்று மட்டும் சொல். அந்த மூன்று நாளும் உனக்கு என்ன செய்கிறது? வலியா? அதிகம் போகிறதா? ரத்தம் குறைவாக இருந்தால் மருந்து இருக்கிறது. மாதாமாதம் மூன்று நாள் காய்ச்சல் என்று செட்டுக்கு வராமல் இருப்பாயே, அதுவும் இதுவும் ஒன்றா?

நோட்டை இதோடு அனுப்புகிறேன்.

நஸ்லின்

*

பெரக்கரை நாடு
7.8.2025

நஸ்லின்,

உன் கடிதமும் நோட்டும் நேற்று வந்தன. நேற்றுதான் எனக்கும் வந்தது. அதனால் இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாட்டுக் கொட்டகைக்குக் கீழே ஒரு சின்னச் சாளை இருக்கிறதே, தாழ்வாரம் இடுப்பு உயரத்தில், நீ வந்தபோது “இது என்ன?” என்று கேட்டாயே, கோழி அடைக்கிற இடம் என்று சொன்னேனே. அது கோழிக்கு இல்லை. எனக்கும் அம்மாவுக்கும்.

மூன்று நாள், மூன்று ராத்திரி. தரை மண். இந்த மாதம் சாரலில் ஒரு மூலை சேறாகக் கிடக்கிறது. பழைய சாக்கு இரண்டு, ஒரு ஓரம் நசுங்கின ஈயத்தட்டு ஒன்று. சாப்பாடு ஒரு வேளை, அதுவும் பொழுது சாய்வதற்குள். அம்மா தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள், நான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் துணி, கம்பளி எதுவும் கூடாது. இந்த மலையில் ஆடி மாதக் குளிர் எப்படி என்று உனக்குத் தெரியாது. நீ வெயில் ஏறின பிறகு உங்கள் அத்தாவோடு மிளகு வாங்க வருவாய், வெயில் இறங்குவதற்குள் அடிவாரம் போய்விடுவாய். இங்கே படுத்தால் தூக்கம் வராது, பல்தான் அடிக்கும். பகலில் மூட்டை தூக்கினால் உடம்பு சூடாகும். நிஜமாகச் சொல்கிறேன், சில நாள் மூட்டை எப்போது வரும் என்று காத்திருந்திருக்கிறேன்.

காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னது பொய். உன்னிடம் சொல்ல வெட்கம். நீ எங்கள் வீட்டில் உட்கார்ந்து களி சாப்பிட்டவள். உன்னிடம் எப்படிச் சொல்வது, உன்னை உள்ளே உட்கார வைக்கிற வீட்டில் எனக்கு மாதம் மூன்று நாள் இடமில்லை என்று.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். மடச்சி, நீயும் மடச்சி, நானும் மடச்சி. சாரைச் சேர்க்காதே, அவர் வேறு ரகம்.

நோட்டில் ‘1’ என்று நான் போட்டது ரத்தம் வந்த நாள் இல்லை. நாலாம் நாள் விடியற்காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் போகிறோமே, அந்த நாள். எங்களுக்கு அங்கிருந்துதான் கணக்கு. சாளையில் இருக்கிற நாளை யாரும் எண்ண மாட்டார்கள். அம்மா எண்ணினதில்லை, நானும் எண்ணினதில்லை. அது நாளே இல்லை. எண்ணினாலும் அதில் எழுத ஒன்றுமில்லை, அந்த மூன்று நாளும் நான் கம்பியைத் தொடவே இல்லை. நீ ரத்தம் வந்த முதல் நாளை ஒன்று என்று எண்ணுகிறவள். என் ஒன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டாய். கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்.

இப்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். 66, 66, 67. மூன்று ராத்திரி தூங்காமல், மூன்று நாள் ஒரு வேளை சாப்பிட்டு, நேராக செட்டுக்கு வந்து தூக்கின எடை அது. இத்தனை நாள் நானும் உன்னை மாதிரிதான் நினைத்திருந்தேன், என் ரத்தம்தான் என் பலத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்று. நீ கேட்ட பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். எடுத்துக்கொண்டது இந்தச் சாளை.

உன் மேல் கோபம் குறையவில்லை. பக்கத்தில் இன்னும் நாலு பேரைச் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான். என் அப்பாவைச் சேர்த்திருக்கிறேன். அம்மாவைச் சேர்த்திருக்கிறேன், சாக்கைப் போட்டு வைப்பவள் அவள்தான். ஊரைச் சேர்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு படுத்த என்னையும்.

நீ எழுதின தப்பை நீதான் திருத்த வேண்டும். சாரிடம் சொல். காலேஜிலும் சொல். பேனா மை தீரப் போகிறது. தட்டு வைக்கிற சத்தம் கேட்கிறது.

கோகிலா

*

கோயம்புத்தூர்
20.8.2025

அன்புள்ள கோகிலாவுக்கு,

கோழி அடைக்கிற இடம் என்று நீ சொன்னபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். சுருட்டி வைத்த சாக்கும் ஒரு சீப்பும் இருந்தன. கோழிக்கு எதற்குச் சீப்பு என்று நினைத்தேன். கேட்கவில்லை. இருபத்திரண்டு பேரிடம் தாள் தாளாகக் கேள்வி கேட்டவள், இதைக் கேட்கவில்லை.

பதினாறாம் தேதி அத்தாவைக் கூட்டிக்கொண்டு சோளக்காட்டுக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை, தைரியமில்லை. சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கணக்கு மாறிப்போனதை, சாளையை. அவர் கேட்டுவிட்டு, “எந்தக் கணக்குல பாத்தாலும் மாசத்துல மூணு நாள் கொறையுதில்லீங்களா?” என்றார்.

“அது மாசத்தால இல்லீங்க சார், சாளையால.”

“அதுக்கு நான் என்னம்மா பண்றது? அது அவங்க ஊர்க்கட்டு.”

அத்தா குறுக்கே வந்தார். “ஏனுங்க சார், நாளைக்கு உங்களை மூணு நாள் ஒரு வேளை சோத்துல ஈரத்துல படுக்க வெச்சு, நாலாம் நாள் விசில் ஊதச் சொன்னா ஊதுவீங்களா?” சார் முகம் போன போக்கைப் பார்க்க நீ அங்கே இல்லாமல் போய்விட்டாய். கடைசியில் பெயரைக் கூடுதல் பெயராகச் சேர்த்துக்கொண்டார். “வரட்டும். கொறைஞ்சுதுன்னா என்னைக் கேக்கக் கூடாது” என்றார். ஆகவே நீ போகலாம். செப்டம்பர் ஏழு, காலை ஒன்பது மணி, நாமக்கல்.

மூன்றாம் தேதி வாக்கில் உனக்கு வரும். நீ சாளைக்குப் போனால் சார் சொன்னது பலித்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. அம்மா பாய் போட்டு வைத்திருக்கிறாள், இரண்டு கம்பளியோடு.

இப்போது நான் சொல்ல விரும்பாததைச் சொல்கிறேன்.

பதினெட்டாம் தேதி கருத்தரங்கில் ப்ராஜெக்ட்டைப் படித்தேன். உன் வரியோடு. திருத்தாமல். முந்தின நாள் மேடத்திடம் போய்ச் சொன்னேன். “கடைசி நேரத்துல இதை எடுத்தா ஆய்வே நிக்காதும்மா. அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். அது பெட்டிக்குள் துணிக்கு அடியில் கிடக்கிறது.

இதை மறைத்திருக்கலாம். உனக்கு எப்படித் தெரியப் போகிறது? ஆனால் சாளையில் உட்கார்ந்துகொண்டு நீ உண்மையை எழுதினாய். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எழுதாமல் இருந்தால் எப்படி?

உன்
நஸ்லின்

*

பெரக்கரை நாடு
8.9.2025

நஸ்லின்,

தாளின் மேலே, உன் பெயருக்கு முன்னால் இடம் விட்டிருக்கிறேன், பார். அந்த வார்த்தையை இன்னும் எழுதவில்லை.

உங்கள் வீட்டுக்கு நான் வரவில்லை. உன் அம்மாவிடம் சொல், கம்பளிக்கு நன்றி என்று. ஆனால் நான் படுக்க வேண்டிய இடம் உங்கள் வீடு இல்லை, எங்கள் வீடு.

மூன்றாம் தேதி மத்தியானம் வந்தது. சாயங்காலம் நான் சாளைக்குப் போகவில்லை. பாயை உள்ளறையில் விரித்தேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா வந்தார்.

“எந்திரி கோகிலா.”

“எந்திரிக்கலீங்க.”

“சாமி இருக்கற ஊடு இது.”

“ஞாயித்துக்கெழமை நான் எடை தூக்கணும். சாமி தூக்கித் தராதுங்க.”

கையை ஓங்கினார். நான் எழுந்து நின்றேன். சும்மா நின்றேன், அவ்வளவுதான். அவருக்கு என்ன தோன்றியதோ, கையை இறக்கிவிட்டார். “தீட்டுப்பட்ட ஊட்ல நான் படுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பக்கத்து வீட்டுக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள். ஊருக்குத் தெரிந்துவிடும். வேறு கூரை எங்கே இருக்கிறது? சாளைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்று ராத்திரி, நஸ்லின். வீம்புக்கு மூன்று ராத்திரியும் படுத்தார். அம்மா செய்ததைக் கேள். அதே ஈயத்தட்டில், பொழுது சாய்வதற்குள், ஒரே ஒரு வேளை வைத்தாள். தூரத்தில் வைத்துவிட்டு வந்தாள். கம்பளி கேட்டார். “அங்க படுக்கறவங்களுக்குக் கம்பளி கெடையாதுங்க, வழக்கம்” என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் உள்ளே போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை.

நான் இரண்டு வேளையும் சாப்பிட்டேன், தூங்கினேன். நாலாம் தேதியும் ஐந்தாம் தேதியும் செட்டுக்குப் போனேன். கார்த்தி கேட்பதற்கு முன்னால் நானே சத்தமாகச் சொன்னேன், “இன்னிக்கு ரெண்டாம் நாளு. ரத்தம் வந்த நாள்ல இருந்து ரெண்டாம் நாளு. எண்ணிக்க.” அவன் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான். 71 தூக்கினேன். அடுத்த நாள் 72. வயிற்றில் வலி இருந்தது. வலி வயிற்றில்தான் இருந்தது, கையில் இல்லை.

நேற்று நாமக்கல்லில் 73. இதுவரைக்கும் நான் தூக்காத எடை. இரண்டாவதாக வந்தேன். இரண்டு பேரை மாநிலப் போட்டிக்கு எடுக்கிறார்கள். சார் கை கொடுக்க வந்தார். என் கையெல்லாம் சுண்ணாம்புப் பொடி என்று சொல்லிப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்பா இன்னும் பேசவில்லை. அடுத்த மாதம் சாளையில் யார் படுக்கப் போகிறார்கள் என்று தெரியாது. நான் இல்லை. நான் விடுதிக்குப் போன பிறகு அம்மா என்ன செய்வாள் என்றும் தெரியாது. அதை நினைத்தால் 73 கிலோவும் தலையில் இறங்குகிறது.

நீ கருத்தரங்கில் செய்ததை மன்னிக்கவில்லை. என்னிடம் சொன்னதால் பாதி என்று கழித்துக்கொள்ளவும் மாட்டேன். அர்த்தனாரி சாரிடம் உண்மை பேச உனக்கு உன் அத்தா கூட வந்தார். மேடத்திடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது, பேசவில்லை. மேடம் “அப்புறம்” என்றார், நீ தலையை ஆட்டினாய். இங்கே நானும் ஏழு வருசம் தலையை ஆட்டிக்கொண்டுதான் அந்தச் சாக்கில் படுத்தேன். அது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மன்னிக்க முடியவில்லை.

என் வரியைத் திருத்தி, காலேஜில் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளைத் தபாலில் அனுப்பு. வந்தால் பிளாக்கை எடுப்பேன், மேலே விட்ட இடத்தையும் நிரப்பிக்கொள்ளலாம். வராவிட்டால் இதுவே கடைசி.

திருத்தும்போது கூடவே இன்னொரு வரி சேர்க்க வேண்டும். ஆறாம் தேதி காலை, கிழங்கு ஏற்ற ராசு டெம்போ கொண்டு வந்தான். அப்பா சாளையிலிருந்து நேராக ரோட்டுக்கு வந்தார். மூட்டையைப் பிடித்து முட்டி வரைக்கும் தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி பிடித்தார், மறுபடி வைத்தார். அப்புறம் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க மாமா, ஒடம்பு சரியில்லீங்களா?” என்றான் ராசு.

“குளுரு. தூக்கமில்ல” என்றார் அப்பா.

அம்மா ரோட்டோரத்தில் நின்றிருந்தாள். “மூணு ராத்திரிக்கேவா?” என்றாள்.

அந்த மூட்டையை நான்தான் டெம்போவில் ஏற்றினேன். ஆகவே எழுதிக்கொள். பெயரை மறைக்க வேண்டாம், முழுசாகவே போடு. குழந்தைசாமி. ஆண். வயது ஐம்பத்து மூன்று. மாதவிடாய் கிடையாது. சாளையில் மூன்று ராத்திரி. நாலாம் நாள் காலை, தினமும் தூக்குகிற ஐம்பது கிலோ மூட்டை: தூக்க முடியவில்லை.

கோகிலா